மூன்று கறுப்பு, ஒன்று நீலம்

பட்டாபிராமில் வேம்புலிக்குப் பொம்மை கார் டாக்டர் என்று பேர். முப்பத்து நாலு வயது ஆம்பிளை, கல்யாணம் ஆனவன், ஞாயிற்றுக்கிழமை வந்தால் உள்ளங்கை அளவு காரை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறானே என்று தெருவே சிரித்தது. சின்ன வயதில் விளையாடக் கிடைத்திருக்காது, அந்த ஏக்கம்தான் என்று பெரிய மனதோடு விளக்கம் சொன்னவர்களும் உண்டு. ஏக்கமாவது மண்ணாங்கட்டியாவது. கோபம். வயிறு பற்றி எரிகிற கோபம். சொன்னால் யாருக்குப் புரியப்போகிறது என்று அவன் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

வார நாளில் அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் பெயிண்ட் அடிப்பவன். ஸ்கூட்டர் மட்கார்டுகள் கொக்கியில் வரிசையாகத் தொங்கி வரும், ஸ்ப்ரே கன்னைப் பிடித்து அடித்து அனுப்ப வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் அங்கே சூப்பர்வைசராக இருந்த கஜபதி, தன் சின்ன வயதுக் கார் ஒன்றைக் கொண்டுவந்து, "இதுக்கும் ஒரு கோட்டு அடிச்சிக் குடு வேம்புலி" என்றார். வேம்புலி அதை வீட்டுக்கு எடுத்துப்போனான். அடியில் இருந்த ரிவெட்டின் தலையை ட்ரில்லால் சுரண்டி எடுத்து, உடம்பு வேறு, அடித்தகடு வேறு, சக்கரம் வேறு என்று கழற்றினான். ரிமூவர் தடவிப் பழைய பெயிண்டை உரித்தான். பள்ளம் விழுந்த இடத்தில் பட்டி பார்த்து, தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, தகரத்தின்மேல் வெயிலில் காயவைத்து, அதன்பிறகுதான் நிறம் அடித்தான். உடைந்த கண்ணாடிக்கு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே படத்தைச் சோடா போட்டு அலசி வெட்டி வைத்தான். வளைந்த அச்சுக்குச் சைக்கிள் போக்ஸ் கம்பி. கஜபதி அதைப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

விஷயம் காதுக்குக் காது பரவியது. அண்ணா நகர், கீழ்ப்பாக்கம் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் பிஸ்கட் டின்னில் பழைய கார்களைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். சிலர் பழைய நிறமே வேண்டும் என்பார்கள். சிலர், கறுப்புக் காரில் தீ எரிகிற மாதிரி போடு, கதவில் என் பேரை எழுது என்பார்கள். எல்லாவற்றையும் செய்து கொடுத்தான். ஆனால் யார் டின்னைத் திறந்தாலும் அவன் கண் முதலில் போகிற இடம் சக்கரம்தான். மெட்ராஸில் பழைய பொம்மை கார் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் தான் தேடுகிற அந்த ஒரு கார் கைக்கு வந்துதான் ஆகவேண்டும் என்று ஆறு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தான்.

வந்தது. தொண்ணூற்று நாலு, ஆடி மாதம் முதல் ஞாயிறு, காலை பதினொரு மணி.

கொண்டுவந்தவன் பரந்தாமன். அண்ணா நகர்க்காரன், ஏதோ பாங்கில் அதிகாரி, வெள்ளை மாருதியைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டுச் சேற்றுக்குப் பயந்து பேண்ட்டைத் தூக்கிப் பிடித்தபடி நடந்து வந்தான். வீட்டுக்குப் பின்னால் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான் வேம்புலி. பரந்தாமன் டின்னைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றியிருந்த கார்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் வைத்தான். மொத்தம் பதினொன்று. பதினொன்றாவது ஒரு சிவப்புப் பந்தயக் கார். மூக்கில் பெயிண்ட் போயிருந்தது. மூன்று டயர் கறுப்பு. முன்பக்கம் இடது டயர் மட்டும் நீலம்.

அது டயரே இல்லை. ரப்பர் செருப்பின் வாரிலிருந்து வட்டமாக வெட்டிய துண்டு. வெட்டு ஒரு பக்கம் கோணலாக இருக்கும். ஒன்பது வயதுப் பையன், சவரப் பிளேடால் வெட்டினால் கோணலாகத்தான் வரும்.

"இந்த வண்டி எப்பத்திலேருந்து சார் உங்களாண்ட கீது?" என்று கேட்டான். குரல் எப்படியோ நேராக வந்தது.

"எல்லாமே சின்ன வயசுலேருந்து இருக்கு. எங்கப்பா அப்ப ஆவடியில வேலை. இது மட்டும் நடுவுல கொஞ்ச நாள் காணாமப் போச்சு, அப்புறம் வீடு மாத்தறப்போ ட்ரங்க் பெட்டியில கிடைச்சுது." பரந்தாமன் அந்தக் காரை எடுத்து விரலால் சக்கரத்தைச் சுண்டினான். "மத்த பத்தையும் பழையபடியே பண்ணிடு. இதை மட்டும் மஞ்சளா மாத்திடு. பக்கத்துல நாலுன்னு நம்பர் போடு, என் பொண்ணுக்கு நாலு வயசு. இந்த அசிங்கம் பிடிச்ச நீல டயரைத் தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒண்ணு மாட்டிடு, என்னப்பா?"

அந்த ஆளின் முகத்தில் ஒன்றுமே இல்லை. வேம்புலியைத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எந்தக் காலத்திலும் அவனுக்கு வந்ததும் இல்லை. "ஆடி மூணாம் ஞாயித்துக்கெழம வாங்க சார்" என்று மட்டும் சொல்லி அனுப்பினான் வேம்புலி.

நடந்தது இதுதான். வேம்புலியின் அம்மா குப்பம்மா அந்த நாளில் ஆவடி குவார்ட்டர்ஸில் பரந்தாமன் வீட்டில் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் வேம்புலியும் கூடப் போவான். பின்வாசலோடு சரி, உள்ளே வரக்கூடாது. ஒருநாள் பரந்தாமன் சிவப்புக் காரை எடுத்துக்கொண்டு அழுகிற முகத்தோடு வந்தான். ஒரு டயர் எங்கேயோ விழுந்துவிட்டது, அப்பா பார்த்தால் பெல்ட்டால் அடிப்பார் என்றான். வேம்புலி ராத்திரிக்கு வீட்டுக்குக் கொண்டுபோய், அம்மாவின் பழைய செருப்பு வாரை வெட்டி, நடுவில் ஆணியைச் சுடவைத்து ஓட்டை போட்டு மாட்டினான். வாரை வெட்டியதற்குக் குப்பம்மாவிடம் முதுகில் ஒரு அறை வாங்கினான். மறுநாள் காலையில் காரைக் கொண்டுபோய்ப் பரந்தாமன் கையிலேயே கொடுத்தான். ஓட்டிப் பார்த்தார்கள். நேராக ஓடியது. வேம்புலி வாழ்க்கையில் செய்த முதல் வேலை அது, நல்ல வேலை.

ரெண்டு நாள் கழித்துக் கார் காணவில்லை. வீட்டுக்கார அம்மா குப்பம்மாவைக் கூப்பிட்டு நிற்கவைத்து, உன் பிள்ளைதான் அந்தக் காரையே சுற்றிச் சுற்றி வந்தான் என்றாள். அன்றோடு வேலை போயிற்று. அந்த அம்மா அக்கம்பக்கத்து நாலு வீட்டிலும் சொல்லிவைத்தாள், அதனால் அந்தக் குவார்ட்டர்ஸில் எந்த வீட்டிலும் குப்பம்மாவுக்கு வேலை இல்லாமல் போனது.

அது போகட்டும். ஊரான் வீட்டுப் பொம்பளை சொன்னதைத் துடைத்துப் போட்டுவிடலாம். பெற்றவளே நம்பியதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. குப்பம்மா அவனை வெள்ளானூர் போகிற வழியில் இருந்த எல்லம்மன் கோயிலுக்கு இழுத்துப்போனாள். படியில் கற்பூரத்தை ஏற்றி, "எடுக்கலன்னா அடிச்சி சத்தியம் பண்றா" என்றாள். அவன் யோசிக்கவே இல்லை. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்தான். கை கொப்பளித்தது. எரிச்சலிலும் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தான்.

மூன்று வாரத்தில் தங்கச்சிக்கு அம்மை போட்டது. அம்மன் பேரையே வைத்திருந்த எல்லம்மா, மூணு வயது. வாசலில் வேப்பிலை கட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, குப்பம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தாள். ஒன்பதாம் நாள் குழந்தை போய்விட்டது. எடுத்துப் புதைத்துவிட்டு வந்த பிறகு குப்பம்மா அவனைப் பார்த்து ஒரே ஒரு தடவை சொன்னாள்: "நீ அணைச்ச கல்பூரம்டா."

அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை, சோறு போட்டாள், வளர்த்தாள், வசந்தாவைப் பார்த்துக் கட்டிவைத்தாள். கற்பூரத்தை மட்டும் தொட விடவில்லை. வெள்ளிக்கிழமையா, பொங்கலா, அப்பா செத்த பதினாறாம் நாளா, எதுவானாலும் வீட்டில் கற்பூரம் ஏற்றுவது குப்பம்மா, இல்லாவிட்டால் வசந்தா. தட்டு அவன் பக்கம் வந்தால் அம்மாவின் கை தானாகத் தட்டை நகர்த்திவிடும். இருபத்தைந்து வருஷம் இப்படி. தங்கையைக் கொன்றவன் என்று வாயால் சொல்லாமலே ஒரு மனுஷனைத் தினம் தினம் சொல்லிக்கொண்டிருக்க முடியும் என்பதை அவன் அந்த வீட்டில்தான் கற்றான்.

இப்போது அந்தக் கார் அவன் கையில். எந்த முட்டாளும் என்ன செய்வானோ அதைத்தான் அவனும் செய்தான். காரை எடுத்துக்கொண்டு நேராக அம்மாவிடம் ஓடினான்.

குப்பம்மா கிணற்றடியில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். ஆடிக் கூழுக்கு. அவன் காரை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "பாரும்மா. இன்னான்னு தெரீதா?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு காரை வாங்கினாள். நீல டயரைக் கட்டைவிரலால் தடவினாள். வார் அவளுடையதல்லவா. கண் நிறைந்து வழிந்தது. நீ எடுக்கவில்லை என்று இதோ சொல்லப்போகிறாள் என்று அவன் நின்றான்.

"எங்கடா நைனா வெச்சிருந்தே, இத்தினி வருசமா?" என்றாள்.

"இன்னா சொல்றே?"

"எங்க பொதச்சி வெச்சிருந்தே? போவுது உடு. இப்பனாச்சும் எட்தாந்து காட்னியே, அத்தொண்ணு போதும்."

"யம்மா, நான் எடுக்கலம்மா! அந்த ஆபீசரு புள்ள இப்பதான் கொண்ணாந்து குடுத்துட்டுப் போறான். அவன் ஊட்டு ட்ரங்குப் பெட்டியிலயே இருந்துதாம்!"

"ஆமா. இருவத்தஞ்சி வருசம் கயிச்சி, இந்தத் தெருவத் தேடிக்கினு வந்து, உங்கையில குடுத்தானா?" அவள் கோபமாகச் சொல்லவில்லை. சின்னக் குழந்தையின் பொய்யைக் கேட்பதுபோலச் சிரித்துக்கொண்டே சொன்னாள். "வாணாம் நைனா. இன்னொரு பொய்யி வாணாம். கூழு ஊத்தற அன்னிக்கி ஆத்தா கால்ல உயுந்துடு. பெத்தவளே மன்னிச்சிட்டேன், அவ மன்னிக்க மாட்டாளா?"

எழுந்து அவன் கன்னத்தைத் தடவினாள். இருபத்தைந்து வருஷமாகத் தொடாத கை. திருடன் என்று முடிவான பிறகு தொட்டது. வேம்புலிக்கு அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றியது. தட்டிவிடவும் செய்தான். காரைப் பிடுங்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

நிரபராதி என்று காட்டக் கொண்டுபோன பொருளே அவனைத் திருடன் ஆக்கிவிட்டது. யோசித்துப் பார்த்தால் வேறு எப்படி நடக்கும்? திருட்டுப் பொருள் யார் கையில் இருக்கிறதோ அவன்தானே திருடன். இது ஆறு வருஷத்தில் ஒரு நாளாவது அவன் புத்திக்கு எட்டவில்லையே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. சுத்தியலை எடுத்துக் காரின்மேல் ஓங்கினான். அடித்தால் மிச்சம் இருக்கிற ஒரே சாட்சியும் போய்விடும் என்று இறக்கினான்.

வசந்தா சாயங்காலம் கொட்டகைக்கு வந்து எல்லாவற்றையும் கேட்டாள். "நீ சொன்னா அவங்க நம்பமாட்டாங்க. எட்தவனையே இட்டாந்து சொல்ல வெய்யி" என்றாள். அது ஒன்றுதான் வழி.

ரெண்டு வாரம் அவன் அந்தப் பத்துக் கார்களோடு கிடந்தான். கோபத்தில் செய்த வேலை மோசமாக இருக்கும் என்பார்கள். அவன் கைக்கு மோசமாகச் செய்யத் தெரியாது, அதுவும் அவனுக்கு எரிச்சல்தான். அந்த வீட்டுப் பிள்ளையின் கார்கள், அவன் உருட்டி விளையாடியவை, அவற்றைப் பழுது பார்க்கத் தன் ஞாயிற்றுக்கிழமை போகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டே பெயிண்டை உரித்தான். பச்சை லாரியின் பம்பருக்கு ஈயம் பூசிப் பளபளவென்று தேய்த்தான். ஆம்புலன்ஸின் சிலுவையைப் பூஜ்யம் நம்பர் பிரஷ்ஷால் மூச்சை அடக்கிக்கொண்டு எழுதினான். கம்பெனியில் கழித்துப்போட்ட ரப்பர் வளையங்களைப் பொறுக்கி வந்து டயர் மாட்டினான். பத்தும் கடையிலிருந்து அன்றுதான் வாங்கி வந்தவை மாதிரி நின்றன. பதினொன்றாவதை மட்டும் அவன் தொடவில்லை. அது வந்தபடியே தூசியோடு இருந்தது.

அந்த ரெண்டு வாரமும் குப்பம்மா அவனிடம் அப்படி அன்பாக இருந்தாள். மீன் தலையை அவன் தட்டில் வைத்தாள். "நைனா, நைனா" என்று வாய் ஓயாமல் கூப்பிட்டாள். பாரம் இறங்கிய முகம். அவன் மீன் தலையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுச் சாப்பிட்டான்.

மூன்றாம் ஞாயிறு. முற்றத்தில் கூழ்ப்பானை இறக்கியாகிவிட்டது, வேப்பிலை சொருகியாகிவிட்டது, அம்மன் படத்துக்கு முன்னால் பித்தளைத் தட்டில் கற்பூரம் தயாராக இருந்தது. பரந்தாமன் அந்த நேரத்துக்கு வந்தான்.

கொட்டகையில் பத்துக் கார்களையும் பார்த்து வாய் பிளந்து நின்றான். "பிரமாதம்ப்பா! கைக்கு மோதிரமே போடலாம். ஆமா, அந்த ரேஸ் கார் எங்க? மஞ்சள் அடிக்கலையா?"

வேம்புலி அதை எடுத்துப் பலகையின் நடுவில் வைத்தான். "அதுல கீற நீல டயரு, நான் மாட்னது" என்றான். "நான் குப்பம்மா புள்ள. உங்க ஊட்ல பெருக்கிக்கினு இருந்தாங்களே, அந்தக் குப்பம்மா."

பரந்தாமனின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு என்ன செய்தான் தெரியுமா? சிரித்தான். "அட, நீயா! வேம்புலின்னு பேர் கேட்டப்பவே எங்கேயோ கேட்ட மாதிரி இருந்துது. நாம ரெண்டு பேரும் ஒண்ணா விளையாடியிருக்கோமே!" என்று தோளில் தட்டினான். கூடப் படித்தவனைக் கல்யாண வீட்டில் பார்த்த சந்தோஷம் அவனுக்கு.

தோளில் இருந்த கையை எடுத்து அப்பால் விட்டான் வேம்புலி. "எங்கம்மா இன்னிக்கி வரிக்கும் நான்தான் திருடன்னு நெனச்சிக்கினு கீறாங்க. வந்து ஒரு வார்த்த சொல்லு. அது உன் ஊட்லயே இருந்துதுன்னு சொல்லு. வேற ஒண்ணும் வாணாம்."

"இதுக்குப் போய் இவ்வளவு சீரியஸாவா? வா, சொல்லிட்டாப் போச்சு." பரந்தாமன் காரைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் பின்னால் முற்றத்துக்கு வந்தான்.

"யம்மா, இவருதான் பரந்தாமன். ஆபீசரு புள்ள" என்றான் வேம்புலி.

குப்பம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மூக்கை வைத்து அடையாளம் கண்டுகொண்டாள் போலிருக்கிறது. பரந்தாமன் வாயைத் திறப்பதற்குள் அவன் முன்னால் போய் ரெண்டு கையையும் கூப்பினாள். "சின்னையா, எம் புள்ள தெரியாம எட்துட்டான்யா. சின்னப் புள்ள புத்தி. அம்மா அன்னிக்கிச் சொன்னப்போ எனக்குக் கோவம் வந்துச்சி, எம் புள்ள எடுக்க மாட்டான்னு எதுத்துப் பேசிட்டேன். மன்னிச்சிடு சாமி. இப்ப அவனே திருப்பிக் குடுத்துட்டான்."

பரந்தாமன் கையில் இருந்த காரைப் பார்த்தான். அவள் கூப்பிய கையைப் பார்த்தான். அந்த இடத்தில் ஒரு மனுஷன் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அது தொண்டை வரைக்கும் வந்ததை வேம்புலி பார்த்தான். அது அங்கேயே நின்றது.

"பரவாயில்லம்மா, விடுங்க" என்றான் பரந்தாமன். "சின்ன வயசுல எல்லாரும் பண்றதுதான். நான் எதுவும் மனசுல வெச்சுக்கலை."

மன்னித்துவிட்டான்! ட்ரங்குப் பெட்டிக்குச் சொந்தக்காரன் மன்னித்துவிட்டான்! வேம்புலிக்குக் கண் இருண்டது. எப்படி அந்தத் தட்டைக் கையில் எடுத்தான், எப்போது தீக்குச்சியைக் கிழித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. "தொடாதடா! நீ தொடாதடா!" என்று குப்பம்மா அலறினாள். கற்பூரம் பற்றிக்கொண்டது. தட்டைப் பரந்தாமனின் நெஞ்சுக்கு நேரே நீட்டினான்.

"அடி. அடிச்சி சத்தியம் பண்ணு. இந்தக் காரு திருடு போச்சி, நான் மன்னிச்சிட்டேன்னு எங்கம்மா முன்னால அடிச்சி சொல்லு. சொல்லிட்டுப் போய்க்கினே இரு."

"என்னப்பா இது காட்டுமிராண்டித்தனமா..."

"நான் அடிச்சேன்டா, ஒம்போது வயசுல! பாரு!" இடது கையில் தட்டு, வலது உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினான். நடுவில் காசு அளவு தோல் இன்னும் வழுவழுவென்றுதான் இருந்தது. "நீ படிச்சவன்தானே, உனக்கு இதெல்லாம் ஒண்ணும் கெடையாதே. அடிச்சிட்டுப் போயேன்!"

பரந்தாமனின் கை பாதி தூரம் வந்தது. சுவாலைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பின்னால் போனது. "வேண்டாம்ப்பா" என்றான். "எனக்கு ஒரே பொண்ணு. வேண்டாம்."

குப்பம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய்ச் சத்தியத்துக்குப் பயப்படுகிற கை எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கூழ்ப்பானைப் பக்கம் நின்ற வசந்தா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"சொல்லு" என்றாள் குப்பம்மா. இப்போது அதில் சின்னையாவும் இல்லை, சாமியும் இல்லை.

பரந்தாமன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "பசங்க கேலி பண்ணாங்க. செருப்பு வண்டி, செருப்பு வண்டின்னு. எனக்கு அவமானமா இருந்துது, துணிக்கு அடியில போட்டு ஒளிச்சுட்டேன். அம்மா கேட்டப்போ தெரியாதுன்னுட்டேன். உங்களை நிறுத்துவாங்கன்னு நினைக்கலை."

"உங்கம்மாவுக்கு எப்பத் தெரியும்?" என்றான் வேம்புலி.

"மாத்தல் ஆகி சாமான் கட்டறப்போ பாத்தாங்க. அவங்களை இனிமே எங்க போய்த் தேடறது, விடுன்னாங்க. கார் காணாமப் போயி ஒரு மாசம் இருக்கும்."

ஒரு மாதம். வேப்பிலை கட்டிய வாசலோடு குப்பம்மா கிடந்த நாட்கள். குப்பம்மா வீட்டுக்கும் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் ஒரு மைதானம்தான். தேட வேண்டியதே இல்லை, பின்வாசலில் நின்று கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்.

"போ" என்றான் வேம்புலி. கொட்டகையிலிருந்து பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தான். பரந்தாமன் சிவப்புக் காரை மெதுவாக முற்றத்துத் துவைகல்லின்மேல் வைத்தான். "இது உன்கிட்டயே இருக்கட்டும், வேம்புலி. எனக்கு வேணாம்."

"எடு அத்த!" தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான் வேம்புலி. "இங்க வெச்சிட்டுப் போய்ட்டா, நாளைக்கி மறுபடியும் நான்தான் திருடன். உன் பொருளு, உன் ஊட்ல இருக்கட்டும். மஞ்சா அடிக்காத, டயர மாத்தாத. உம் பொண்ணு கேட்டா சொல்லு, இது இன்னா டயருன்னு."

பரந்தாமன் காரை எடுத்துக்கொண்டு போனான். இந்தத் தடவை பேண்ட்டைத் தூக்கிப் பிடிக்கவில்லை.

தட்டில் கற்பூரம் பாதிதான் எரிந்திருந்தது. வேம்புலி அதை அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தான். இருபத்தைந்து வருஷமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் வாயில் வந்து நின்றது. பெத்த புள்ளைய நம்பாம ஊரான நம்பினியே. எங் கையப் பாத்தியா. ஒரு நாளாச்சும் கேட்டியா. எல்லாவற்றையும் கொட்டிவிடுவதற்காக அம்மாவின் பக்கம் திரும்பினான்.

குப்பம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். கையை மடியில் போட்டுக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். வயசாகிவிட்டது அவளுக்கு, அதை அன்றுதான் பார்த்தான்.

"அப்ப எல்லம்மா எதுக்குடா செத்தா?" என்றாள்.

அவன் அம்மன் படத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"பொய்ச் சத்தியம்னு ஆத்தா கோச்சிக்கினான்னு இருந்தேன். புள்ள செஞ்ச தப்புக்கு எடுத்துக்கினான்னு மனச ஆத்திக்கினேன். நீ எடுக்கலியே. நெசந்தானே சொன்னே. அப்ப எம் பொண்ண எதுக்குடா எடுத்தா?"

நான்தான் எடுத்தேன், நான்தான் ஒளித்து வைத்திருந்தேன், அந்த ஆளைப் பொய் சொல்லக் கூட்டி வந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அவள் நிம்மதியாகக் கூழ் ஊற்றிவிடுவாள். அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அம்மாவின்மேல் கோபம், அந்த ஆளின்மேல் கோபம், படத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்த அம்மன்மேல் அவர்கள் எல்லாரையும்விடக் கோபம். கற்பூரம் எரிந்து முடிந்து தானாகவே அணைந்தது.

"எனக்குத் தெரியலம்மா" என்றான் வேம்புலி. அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.